கரைந்த உப்புக்கு யாரிடம் கேட்பது?

அளத்துக் கணக்கு (தூத்துக்குடி):

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தூத்துக்குடிக்குத் தெற்கே குத்தகை நிலத்தில் உப்பு விளைவிக்கும் ஒரு சிறு முதலாளியிடம் கணக்கு எழுதுகிறேன். என் அம்மா அதே வட்டாரத்து உப்பளங்களில் உப்புச் சுமந்தவர். பாத்தியில் நிற்பவரின் கூலியும் எனக்குத் தெரியும், அளத்தை நடத்துபவரின் வட்டியும் தெரியும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவானது. எங்கள் மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரி மழையே அதைவிடக் குறைவு.

உப்புத் தொழிலின் கணக்கு இப்படி. தை, மாசியில் பாத்தியை மிதித்துச் சீர்செய்து, தெப்பம் என்கிற தேக்கப் பாத்தியில் தண்ணீரைக் காயவிட்டு, வெயில் ஏற ஏற உப்பை வாரத் தொடங்குவோம். ஐப்பசி மழையோடு வாருவது நிற்கும். கடைசியாக வாரிய உப்பைத் தட்டுமேடு என்கிற மேட்டுத் திடலில் அம்பாரமாகக் குவித்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு மூடி, கயிறு கட்டி வைப்போம். மழை மாதங்களில் புது உப்பு வராது, விலை ஏறும். அந்த ஏற்றத்துக்காகக் காத்திருக்கும் உப்பு அது. வங்கிக் கடனும் அதை நம்பித்தான்.

தண்ணீர் வடிந்தபின் முதலாளியோடு போய்ப் பார்த்தேன். தார்ப்பாய்கள் கிழியவில்லை. மேலிருந்து கொட்டிய மழையைத் தாங்கிவிட்டன. வெள்ளம் அடியில் புகுந்து உப்பைக் கரைத்துக் கொண்டு போயிருந்தது. கயிறெல்லாம் தொளதொளவென்று கிடக்க, தார்ப்பாய் நடுவில் குழி விழுந்து அதில் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது. ஒரு மூலையைத் தூக்கினால் உள்ளே மண் நிறத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு மேடு. அவ்வளவுதான் மிச்சம். பாத்திகளில் ஆற்றுச் சேறு படிந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் மிதித்து இறுகிய அடித்தளத்தின் மேல் சேறு படிந்தால் அடுத்த பருவத்து உப்பு வெள்ளையாக வராது. வெள்ளையாக இல்லை என்றால் வியாபாரி விலையைக் குறைப்பார்.

பயிருக்கு வருவாய்த் துறையினர் வந்து கணக்கெடுத்தார்கள். உப்பு பயிர் அல்ல, தொழில். அரசியல் சாசனப்படி மத்தியப் பட்டியலில் இருக்கிறது. உப்பு ஆணையரின் தலைமை அலுவலகம் ஜெய்ப்பூரில். பயிர்க் காப்பீடு இதற்குக் கிடையாது. தொழிலாளருக்கு மாநில அரசின் மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் உண்டு. அதற்கு நலவாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். அம்மாவோடு சுமந்தவர்களில் பதியாதவர்கள் பலர். அளம் சீராகி வேலை தொடங்கும்வரை அவர்கள் கடன் வாங்கித்தான் சாப்பிட்டார்கள்.

இது போதாதென்று, சில மாதங்களுக்கு முன் என் மகன் பள்ளியிலிருந்து ஒரு படிவம் கொண்டுவந்தான். உங்கள் வீட்டில் எத்தனை மின்விசிறி? எத்தனை விளக்கு? வண்டி உண்டா? வாரத்தில் எத்தனை நாள் இறைச்சி? கூட்டிப் போட்டால் நாம் பூமிக்குச் செய்யும் கேடு எத்தனை கிலோ கரியமில வாயு என்று வந்துவிடும். கடைசியில் "நான் என்ன செய்ய உறுதி ஏற்கிறேன்" என்று ஒரு கோடு. "ஃபேனை நிறுத்துவேன்" என்று எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டான். ஏப்ரல் மாதம். தூத்துக்குடி.

இப்படி மழை கொட்டுவதற்கு யார் காரணம்? முதலாளி இது ஆண்டவன் செயல் என்கிறார். சங்கத்து ஆட்கள் முதலாளித்துவப் பேராசை என்கிறார்கள். பள்ளிக்கூடம் நாம்தான் என்கிறது. எனக்கு இந்த மூன்றுமே காற்றில் கத்தி வீசுவதாகத் தெரிகிறது. என் கேள்வி கணக்குக் கேள்வி: பூமி சூடேறும்படி நிலக்கரியும் எண்ணெயும் எரித்து லாபம் பார்த்தவனிடம், அதனால் நட்டப்பட்டவன் நேராகப் போய் "என் பங்கைக் கொடு" என்று உலகத்தில் எங்கேயாவது கேட்டிருக்கிறானா? கேட்டால் என்ன நடந்தது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய குமாஸ்தா (மதுரை):

அம்மா, கேட்டிருக்கிறார்கள். நாற்பது ஆண்டு வக்கீல் குமாஸ்தாவாக இருந்தவன், வழக்கு விவரம் என்றால் தூக்கம் வராது, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பெரு நாட்டில் ஆண்டிஸ் மலையடிவாரத்தில் ஹுவாராஸ் என்று ஓர் ஊர். மேலே பனிப்பாறை உருகி நிற்கும் பால்காகோச்சா என்ற ஏரி. 1941 டிசம்பரில் அது உடைந்து ஊரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். இப்போது பனி வேகமாக உருகி ஏரி பெருத்துக்கொண்டே போகிறது. அந்த ஊரில் சவுல் லுசியானோ லியுயா என்று ஒரு விவசாயி, மலை வழிகாட்டியும்கூட. 2015இல் அவர் ஜெர்மனிக்குப் போய் ஆர்.டபிள்யூ.இ. என்ற மின் நிறுவனத்தின் மேல் எசன் நகர நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அந்த நிறுவனத்துக்குப் பெருவில் ஆலை எதுவும் கிடையாது. ஆனால் நூறாண்டுக்கு மேலாக நிலக்கரி எரித்த நிறுவனம்.

அவர் கேட்டதுதான் உங்களுக்கு வேண்டியது. முழு இழப்பீட்டை அவர் கேட்கவில்லை. ரிச்சர்டு ஹீடே என்ற ஆய்வாளர், தொழிற்புரட்சிக் காலம் தொட்டு எந்தெந்த நிறுவனம் எவ்வளவு கரியமில வாயுவுக்குக் காரணம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். அதில் இந்த நிறுவனத்தின் பங்கு 0.47 சதவீதம். "ஏரிக்குத் தடுப்புக் கட்ட ஆகும் செலவில் 0.47 சதவீதத்தை நீ கொடு" என்றார். ஏறக்குறைய 17,000 யூரோ. நம் காசில் பதினாறு லட்சம் போல வரும். அந்த நிறுவனம் வக்கீலுக்குக் கொடுத்த தொகை அதைவிடப் பல மடங்கு இருக்கும் என்பது என் தொழில் அனுபவ ஊகம்.

கீழ்க்கோர்ட்டு 2016இல் தள்ளுபடி செய்தது. ஹாம் நகர மேல்கோர்ட்டு 2017இல் விசாரணைக்கு எடுத்தது. 2022இல் நீதிபதிகளும் நிபுணர்களும் ஹுவாராஸுக்கே போய் ஏரியைப் பார்த்தார்கள். 2025 மே 28 அன்று தீர்ப்பு: வழக்கு தள்ளுபடி. அடுத்த முப்பது ஆண்டுகளில் வெள்ளம் அவர் வீட்டைத் தொடும் வாய்ப்பு ஒரு சதவீதம் அளவில்தான், அது போதாது என்றார்கள்.

ஆனால் தள்ளுபடி என்ற ஒரு சொல்லோடு தாளை மடித்து வைப்பவன் குமாஸ்தா அல்ல. அதே தீர்ப்பில், பெரிய அளவில் புகை விட்ட நிறுவனத்தை ஜெர்மன் சிவில் சட்டப்படி பொறுப்பாளியாக்க முடியும், தூரம் ஒரு தடையல்ல என்ற கொள்கையை ஏற்றார்கள். "ஊரே எரித்தது, நான் மட்டுமா" என்று நிறுவனம் பத்தாண்டு சொன்ன வாதம் அங்கே எடுபடவில்லை. அடுத்து வருபவர் அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வருவார்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலம் வேறு வழியில் போனது. அங்கே 2023 ஜூலையில் பெருவெள்ளம். மறு ஆண்டு மே மாதம் ஒரு சட்டம்: 1995 முதல் நூறு கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவுக்குக் காரணமான எண்ணெய், நிலக்கரி நிறுவனங்கள் மாநிலத்தின் செலவில் தம் பங்கைக் கட்ட வேண்டும். நியூயார்க் அதே ஆண்டு டிசம்பரில் 75 பில்லியன் டாலர் கேட்டுச் சட்டம் போட்டது, 25 ஆண்டில் கட்டலாம். இரண்டின் மேலும் 2025இல் அமெரிக்க மத்திய அரசே வழக்குப் போட்டிருக்கிறது. யார் யாருக்காக வழக்காடுகிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டில்? கெடுத்தவன் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் நம் மாநிலத்து வழக்கு ஒன்றில் சொன்னது. வேலூர் மாவட்டத் தோல் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கு, 1996. ஆலைக்குப் பத்தாயிரம் ரூபாய் அபராதம், பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு நிர்ணயிக்கத் தனி ஆணையம். அங்கே கழிவு எந்தக் குழாயிலிருந்து வந்தது என்று விரல் நீட்ட முடிந்தது. காற்றில் கலந்ததற்கு அப்படி நீட்ட முடியாது என்பதால்தான் பெரு விவசாயி சதவீதக் கணக்கை எடுத்தார். 2024 மார்ச்சில், கானமயில் என்ற அரிய பறவையைக் காப்பது குறித்த வழக்கில், பருவநிலை மாற்றத்தின் கேடுகளிலிருந்து பாதுகாக்கப்படுவது 14, 21ஆம் பிரிவுகளின்படி நம் உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உரிமையை வைத்து உப்புக்குக் காசு வாங்கிய தீர்ப்பு ஒன்றையும் நான் படித்ததில்லை.

---

கொதிகலன்:

அனல்மின் நிலையத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஊர் தூத்துக்குடிதான். கசப்பாக எழுதுவேன், தங்கை கோபித்துக்கொள்ளக் கூடாது.

முதலில் மழை. 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளத்தை நின்று பார்த்தவன் நான். அப்போது யாரும் பருவநிலை மாற்றம் என்று சொல்லவில்லை. காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய ஏழு சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும், ஆகவே கொட்டும்போது கூடுதலாகக் கொட்டும், இது இயற்பியல், மறுக்கவில்லை. ஆனால் 2023இல் நகரம் மூழ்கியதற்குக் கோரம்பள்ளம் குளம் உடைந்ததும் காரணம். குளத்தைத் தூர் வாராதது யார்? ஓடையில் வீடு கட்டப் பட்டா வாங்கியது யார்? ஆற்றில் மணல் அள்ளியது ஜெர்மன் கம்பெனியா? பேராசை என்று தேடினால் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிகளின் டெக்சாஸ் வரை போக வேண்டாம், நம் ஊர்ப் பக்கத்துப் புதுக்கோட்டை விலக்கில் இறங்கினாலே போதும்.

இரண்டாவது, "நூறு நிறுவனங்கள்தான் 71 சதவீதத்துக்குக் காரணம்" என்று எல்லோரும் ஒரு கணக்கைச் சுமந்து திரிகிறார்கள். 2017இல் வந்த அறிக்கை. பூமியைச் சூடாக்கும் வாயுக்களில், 1988 முதல் தொழில்துறை சார்ந்த உமிழ்வுக் கணக்கு. அந்தப் பட்டியலை முழுதாகப் பார்த்தவர் எத்தனை பேர்? முதலிடம் சீன அரசின் நிலக்கரி. பிறகு சவுதி அராம்கோ, ரஷ்யாவின் காஸ்ப்ரோம், ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம். ஐந்தாவது அமெரிக்காவின் எக்ஸான் மொபில். ஆறாவது நம் கோல் இந்தியா. எக்ஸானுக்கு 2.0 சதவீதம், நமக்கு 1.9. இந்த ஆறில் எக்ஸான் தவிர மற்றவை அரசின் கையில் இருப்பவை. அதோடு, நிறுவனம் தோண்டி விற்றதை வாங்கி எரித்தவர் கணக்கும் விற்றவர் தலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஒடிசாவில் தோண்டி, பாரதீப்பிலிருந்து கப்பலில் நம் துறைமுகத்துக்கு வந்த நிலக்கரியைக் கன்வேயரில் ஏற்றி எரித்தவன் நான். 210 மெகாவாட் இயந்திரம் ஐந்து. அந்த மின்சாரத்தில் எந்தக் கோடீஸ்வரனும் தனியாகக் குளிர் காயவில்லை. நெசவாலையும் ஓடியது, ஆஸ்பத்திரியும் ஓடியது, அளத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் ஓடியது.

இந்தியனுக்கு ஆண்டுக்குத் தலைக்கு ஏறக்குறைய இரண்டு டன் கரியமில வாயு, அமெரிக்கனுக்குப் பதினான்கு. இது அநியாயம்தான். அதைப் பேசுங்கள், நானும் வருகிறேன். பணக்காரன் பேராசைக்காரன் என்று திட்டுவதால் ஒரு மூட்டை உப்பும் திரும்பி வராது.

---

ஏரல்காரன் (துபாய்):

கொதிகலன் அண்ணாச்சி, ஏரல் பாலம் உடைந்து அக்கரையில் என் வீட்டார் மாட்டிக்கொண்டபோது நான் இங்கே துபாயில் ஒரு ஓட்டலின் மொட்டை மாடியில் குளிரூட்டும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் எடுக்கவில்லை, டவர் இல்லை. அந்த வாரத்துக்கு முந்தைய இரண்டு வாரமும் இங்கே என்ன நடந்தது என்று சொல்கிறேன், பிறகு பேராசையைத் திட்டலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

2023 நவம்பர் 30 முதல் டிசம்பர் 13 வரை ஐ.நா. பருவநிலை மாநாடு இந்த ஊரில் நடந்தது. மாநாட்டுத் தலைவர் சுல்தான் அல் ஜாபர், அபுதாபி தேசிய எண்ணெய் நிறுவனத்தின் தலைவரும் அவரே. எண்ணெய், எரிவாயு, நிலக்கரித் துறையைச் சேர்ந்தவர்கள் மட்டும் 2,400 பேருக்கு மேல் வந்தார்கள் என்று பத்திரிகையில் படித்தேன். எங்கள் ஓட்டலிலும் பல நாட்டுக் குழுக்கள் தங்கின. டிசம்பர் இங்கே இதமான மாதம், சன்னலைத் திறந்தாலே போதும். ஆனால் கோட்டு சூட்டோடு வந்தவர்களுக்கு வரவேற்புக் கூடம் புழுக்கமாக இருக்கிறது என்று கீழேயிருந்து வாக்கி டாக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குறைத்தேன். இன்னும் குறைக்கச் சொன்னார்கள். குறைத்தேன். கீழே இறங்கிப் பார்த்தால் வரவேற்பில் நிற்கும் நேபாளத்துப் பெண் கையைக் கையோடு தேய்த்துக்கொண்டு நிற்கிறாள். கழுத்தில் மாநாட்டு அட்டை தொங்க, ஒருவர் கோட்டைக் கழற்றாமலே காப்பி குடித்துக்கொண்டிருக்கிறார்.

முதல் நாளே ஒரு பெரிய அறிவிப்பு. பருவநிலை மாற்றத்தால் நட்டப்பட்ட நாடுகளுக்கான இழப்பு, சேத நிதி. முந்தைய ஆண்டு எகிப்தில் ஒப்புக்கொண்டது, துபாயில் தொடங்கிவிட்டது என்று கைதட்டினார்கள். அளத்துக் கணக்கு அக்கா கேட்கும் கேள்விக்கென்றே ஏற்பட்ட நிதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாநாடு முடியும்போது எல்லா நாடும் சேர்ந்து தருவதாகச் சொன்னது ஏறக்குறைய 70 கோடி டாலர். அமெரிக்காவின் பங்கு ஒரு கோடியே 75 லட்சம் டாலர். எக்ஸான் மொபில் என்ற ஒரே கம்பெனி 2022இல் பார்த்த லாபம் ஏறக்குறைய 5,600 கோடி டாலர். கணக்கை நான் போட்டுப் பார்த்தேன், அக்கா சரிபார்க்கலாம்: உலகமே சேர்ந்து அறிவித்த தொகை அந்த ஒரு கம்பெனியின் ஐந்து நாள் லாபத்துக்கும் குறைவு. மாநாடு 13ஆம் தேதி முடிந்தது. 17ஆம் தேதி நம் ஊரில் மழை. அந்த நிதியிலிருந்து ஏரலுக்கு ஒரு ரூபாயும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

பணக்காரர் என்றால் யார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது அண்ணாச்சி. ஆக்ஸ்ஃபாம் என்ற தொண்டு அமைப்பு அதே நவம்பரில் வெளியிட்டது. 2019இல் உலகின் மேல்தட்டு ஒரு சதவீதம் பேர், அதாவது 7.7 கோடி பேர், தங்கள் நுகர்வால் வெளியிட்ட கரியமில வாயு மொத்தத்தில் 16 சதவீதம். அடித்தட்டு 66 சதவீதம், ஐந்நூறு கோடிப் பேர், சேர்ந்து வெளியிட்டதும் அதே அளவு. இதில் நாடு என்ற வேலியே இல்லை. அமெரிக்கனுக்குப் பதினான்கு, இந்தியனுக்கு இரண்டு என்று நீங்கள் சொல்வதற்குள்ளேயும் ஒரு மேடு பள்ளம் இருக்கிறது.

இங்கே கோடையில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரை முதல் மூன்று மணிவரை வெட்டவெளியில் வேலை வாங்கக் கூடாது என்று சட்டம். நல்ல சட்டம், மதிக்கிறேன். மொட்டை மாடியில் அந்த இயந்திரங்களுக்கு நடுவே காலை பதினொரு மணிக்கு நிற்பதைப் பற்றி அதில் எதுவும் இல்லை. உள்ளேயிருக்கும் சூட்டையெல்லாம் அது வெளியே எங்கள் முகத்தில்தான் ஊதும்.

---

கரும்பலகை (நாகர்கோவில்):

அந்தப் படிவத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நானும் ஆசிரியைதான், எங்கள் பள்ளியிலும் கொடுத்தார்கள்.

தனி மனிதர் தம் கரிமத் தடத்தை, அதாவது தம்மால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவை, தாமே கணக்கிட்டுத் திருந்த வேண்டும் என்ற எண்ணத்தை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு பிபி என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரத்துக்கு. 2004இல் தன் இணையதளத்தில் கணிப்பானை வைத்து, உங்கள் தடம் எவ்வளவு என்று மக்களைப் பார்த்துக் கேட்டது. எண்ணெய் விற்பவர் வாங்குபவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. சாராயக் கடை வாசலில் கடைக்காரரே நின்று குடியின் கேட்டைப் பற்றிப் பாடம் நடத்துவது போல.

அதற்கும் முன்பே அவர்களுக்குத் தெரியும் என்பது இன்னொரு கதை. எக்ஸானின் சொந்த விஞ்ஞானிகள் 1977 முதல் மேலிடத்துக்கு எழுதி வந்தார்கள். அவர்கள் போட்ட கணிப்புகளை எடுத்து 2023இல் சயன்ஸ் இதழில் சரிபார்த்திருக்கிறார்கள். பத்தாண்டுக்கு 0.2 டிகிரி சூடாகும் என்று கணித்திருந்தார்கள், அப்படியே ஆகியிருக்கிறது. உள்ளே அவ்வளவு துல்லியமாகக் கணித்துவிட்டு, வெளியே பல ஆண்டுகள் "அறிவியல் இன்னும் தெளிவாகவில்லை" என்று பேசினார்கள். கொதிகலன் ஐயா, நிலக்கரியை எரித்த நீங்களும் விளக்கைப் போட்ட நானும் அவர்களும் ஒரே வரிசை அல்ல. நமக்குச் சொல்லப்படவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது, மறைத்தார்கள். நான் பேராசை என்று சொல்வது இதைத்தான், பணம் வைத்திருப்பதை அல்ல.

என் வகுப்பில் படிவத்தின் அடியில் கையால் ஒரு கேள்வி சேர்த்தேன்: "உங்களுக்குத் தெரிந்தவர்களில் மிக அதிகமாக எரிப்பவர் யார், அவர் எதற்காக எரிக்கிறார்?" ஒரு பையன் தன் மாமா எடுத்துச் செல்லும் விசைப்படகின் டீசல் கணக்கை லிட்டர் லிட்டராக எழுதிவந்தான். மீன் பிடிக்க என்று காரணமும் எழுதியிருந்தான். இன்னொரு பெண் ஒரு நகைக்கடையின் பெயரை எழுதி, கதவைத் திறந்துவைத்தே ஏசி போடுகிறார்கள், தெருவில் போகிறவர்களை உள்ளே இழுக்க, என்று எழுதியிருந்தாள். இரண்டையும் ஒரே எண்ணாகக் கூட்டச் சொல்கிறது படிவம்.

---

அளத்துக் கணக்கு (தூத்துக்குடி):

எல்லோருக்கும் நன்றி. குமாஸ்தா ஐயாவின் பதிலை முதலாளிக்குப் படித்துக் காட்டினேன். 0.47 சதவீதம் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "பங்கு போட்டுக் கேட்டிருக்கிறானா?" என்றார். எங்கள் ஊரில் எல்லாக் குத்தகையும் பங்குக் கணக்குத்தானே, அவருக்கு அது உடனே பிடிபட்டது.

ஏரல் தம்பி, கணக்கு சரி. நாலரை நாளைச் சற்றே தாண்டுகிறது.

கொதிகலன் அண்ணாச்சிக்கு: கோபமெல்லாம் இல்லை. குளமும் ஓடையும் மணலும் நீங்கள் சொன்னது அத்தனையும் உண்மை, அந்தப் பேராசைக்காரர்களில் சிலருக்கு நானே பில் எழுதியிருக்கிறேன். ஆனால் தலைக்கு இரண்டு டன் என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் எப்படி? அம்மா வீட்டில் ஒரு மின்விசிறி, இரண்டு விளக்கு. இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் நூறு யூனிட்டை அவர் தாண்டுவதே அபூர்வம். 2024 மார்ச்சில் ஜாம்நகரில் அம்பானி வீட்டுக் கல்யாணக் கொண்டாட்டத்துக்கு விருந்தினர் விமானங்கள் வந்து இறங்குவதற்காக, அந்த ஊர் விமான நிலையத்துக்குப் பத்து நாள் மட்டும் சர்வதேச அந்தஸ்துக் கொடுத்தார்கள். அங்கே இறங்கியவர்களையும் அம்மாவையும் கூட்டி வகுத்தால்தான் உங்கள் இரண்டு டன் வருகிறது. நாடு முழுக்கச் சொத்தில் நாற்பது சதவீதம் மேல்தட்டு ஒரு சதவீதத்திடம் இருப்பதாக 2022-23க்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். சர்வதேச மேடையில் "இந்தியன் ஏழை, அவனைக் கேட்காதே" என்று நம் அரசு வாதாடும்போது அம்மாவைத்தான் முன்னால் நிறுத்துகிறார்கள். அந்த வாதத்தில் மிச்சமாகும் காசு அம்மாவிடம் வரவில்லை.

அளத்துக்கு மோட்டார் ஓடியது, ஒப்புக்கொள்கிறேன். அந்த மோட்டாருக்கு எங்கள் பங்கு எவ்வளவோ அதை எழுதிக்கொள்ளுங்கள், கட்டுகிறோம். மற்றவர்களும் அவரவர் பங்கை எழுதட்டும் என்றுதான் கேட்கிறேன். உங்கள் நிலையத்துச் சாம்பல் காற்றடி காலத்தில் பாத்தியில் விழுந்து கறுத்த உப்புக்கு ஒருநாளும் நாங்கள் பில் அனுப்பியதில்லை அண்ணாச்சி.

குமாஸ்தா ஐயாவிடம் ஒரு கேள்வி. அம்பாரம் போட்டபோது எடுத்த எடைச் சீட்டுகள், வங்கிக்கு மாதாமாதம் கொடுத்த இருப்புக் கணக்கு, வெள்ளத்துக்குப் பின் எடுத்த போட்டோக்கள், எல்லாம் இருக்கின்றன. பக்கத்து அளங்களிலும் சிலரிடம் இருக்கும். இதை வைத்து இன்று எதுவும் செய்ய முடியாது என்பது புரிகிறது. என்றாவது ஒருநாள் யாராவது கேட்டால் கொடுக்க, எப்படி எடுத்துவைப்பது?

---

கொதிகலன்:

சாம்பலைப் பற்றிச் சொன்னது நியாயம். காற்றில் எந்தப் பக்கம் போகும் என்று எங்களுக்கும் தெரியும். இயந்திரம் ஓடிய நாள், நின்ற நாள், நிலக்கரியின் சாம்பல் அளவு எல்லாம் பதிவேட்டில் இருக்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் கொடுத்தாக வேண்டும். மனு எழுதத் தெரியாவிட்டால் சொல், எந்தப் பதிவேட்டின் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று எழுதித் தருகிறேன். பெயர் சரியாக இல்லாவிட்டால் "அப்படி ஆவணம் இல்லை" என்று பதில் வரும்.

---

பழைய குமாஸ்தா (மதுரை):

அம்மா, பெரு விவசாயியின் வழக்கில் பத்தாண்டு நின்றது சட்டம், இறுதியில் வழுக்கியது ஆதாரத்தில். ஆகவே இதை அலட்சியமாக நினைக்காதீர்கள்.

எடைச் சீட்டின் மை சீக்கிரம் மங்கும், முதலில் அவற்றை நகலெடுங்கள். ஒவ்வொரு அளத்துக்கும் தனிக் கோப்பு, மேல் தாளில் குத்தகை எண், பரப்பு, அம்பாரம் போட்ட தேதி. வங்கியிடம் அந்த ஆண்டு இருப்புக் கணக்கின் சான்றிட்ட நகல் ஒன்று கேட்டு வாங்குங்கள், உங்கள் கையெழுத்தைவிட அவர்கள் முத்திரைக்கு மதிப்பு அதிகம். வேலை இழந்த தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலைக் கூலிப் பதிவேட்டிலிருந்து எடுங்கள், பதிவேட்டில் இல்லாதவர்களின் பெயரை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டுத் தேதியோடு எழுதி, இரண்டு சாட்சி போடுங்கள். உங்கள் தாயாரில் தொடங்கலாம். போட்டோ போனில் இருந்தால் அப்படியே வேறொரு இடத்திலும் சேமியுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பியதை ஆதாரமாக நம்ப வேண்டாம், தேதி போய்விடும்.

அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள். சங்கத்துக்கும், கட்சிக்கும், நிருபருக்கும், என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கும்.